துறைமுகமும் முழங்காலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதையும், ஒல்லாந்தர் அதனைப் பிடித்ததையும், 1782இல் ஓராண்டினுள்ளேயே அது ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியதையும், 1795இல் ஆங்கிலேயர் அதனை மீண்டும் கைப்பற்றியதையும் நாம் பாடசாலையிலே படித்தோம். கப்பல்களின் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் அவ்வரலாற்றில் நிறைய உண்டு. அக்கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவனும், அவற்றிலிருந்து அரிசி மூடை இறக்கியவனும் எத்தனையாவது வயதிலே தம் முழங்காலை இழந்தனர் என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை.

முழங்காலுக்கு ஒரு வரலாறு உண்டா என்று வாசகர் வியக்கலாம். உண்டு என்பதே நமது கருத்து. அவ்வரலாறு இரு கரைகளையுடையது. ஒரு கரையில், தேய்ந்த மூட்டைத் திரும்பவும் வளர்க்க முடியுமா என்று ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் நடத்திவரும் ஆராய்ச்சி நிற்கிறது. மறு கரையில், அம்மூட்டைத் தேய்க்கும் உழைப்பு நிற்கிறது. இவ்விரு கரைகளும் சந்தித்தனவா, சந்திக்கவில்லையெனின் ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூட்டின் இயல்பை அறிந்துகொள்வோம். இரண்டு எலும்புகள் சந்திக்குமிடத்தில் அவற்றின் நுனிகளை மூடி, வழுவழுப்பான வெண்ணிறப் படலமொன்று இருக்கிறது. நம் பாடநூல்கள் இதனைக் கசியிழையம் என்கின்றன. வழக்கிலே குருத்தெலும்பு என்கிறோம். முழங்காலிற் பல இடங்களில் அதன் தடிப்பு இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர்தான். அதன் பெரும்பகுதி நீர். அந்நீரைப் பிடித்துவைப்பது கொலாஜன் என்னும் நார்களும், அவற்றிடையே செறிந்த புரதச் சேர்வைகளுமாம். இவற்றையெல்லாம் ஆக்கிக் காக்கும் கலங்களோ மிகச் சில. படலத்தின் கனவளவில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

இப்படலத்துக்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நடக்கும்போது பாரம் அழுத்த, கடற்பஞ்சு போல் நீரை வெளியிட்டு, பாரம் நீங்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சி, அதிலிருந்தே உணவைப் பெறுகிறது. இரத்தம் வராத இடத்திலே புண் ஆறாது. நரம்பு இல்லாத இடத்திலே வலி தெரியாது. ஆகவே குருத்தெலும்பின் அழிவு ஓசையற்ற அழிவு. அது கரைந்து, எலும்போடு எலும்பு உரசும் நாளில்தான் மனிதன் அதனை உணர்கிறான். அந்நாளில் அவன் இழந்தது திரும்புவதில்லை.

திரும்புவதில்லை என்னும் இத்தீர்ப்பை விஞ்ஞான மொழியில் எழுதிவைத்தவர் வில்லியம் ஹன்ரர் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர். 1743ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்து வயதளவில், மூட்டுக் குருத்தெலும்புகளின் அமைப்பையும் நோய்களையும் பற்றி லண்டன் ராயல் சங்கத்துக்கு அவர் ஒரு கட்டுரை அளித்தார். புண்பட்ட குருத்தெலும்பு பெருந்தொல்லை தருவது, ஒருமுறை அழிந்தால் அது மீள்வதில்லை என்பது பண்டைக் காலந்தொட்டு வைத்தியர் ஒப்புக்கொண்ட உண்மை என்று அவர் குறித்தார். அவ்வேளையில் திருகோணமலையில் ஒல்லாந்தக் கொடி பறந்துகொண்டிருந்தது. அக்கொடி இறங்கி வேறு கொடி ஏறிய பின்னரும், அதுவும் இறங்கிய பின்னரும், ஹன்ரரின் தீர்ப்பு மாறாமலே நின்றது.

இனி, அத்தீர்ப்பைத் தன் உடம்பிலே சுமந்த மறு கரைக்கு வருவோம்.

ஆங்கிலேயரின் கடற்படைத் தளமாக விளங்கிய காலத்தில் இத்துறைமுகம் ஆயிரக்கணக்கான கைகளையும் கால்களையும் விழுங்கியது. கொதிகலன் துப்புரவாக்குவோன் குனிந்தும் முழந்தாளிட்டும் வேலை செய்தான். கப்பலின் அடித்தளத்தைச் சுரண்டுவோன் குந்தியிருந்தே நாளைக் கழித்தான். இரு உலகப் போர்களுக்கிடையில் சீனன்குடாவை அடுத்த காட்டிலே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. அவற்றின் இரும்புத் தகடுகளைப் பொருத்தியவர்களின் பெயர்ப் பட்டியலை நாம் அறியோம். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய கதையை ஊரார் இன்றும் சொல்வர். எரிந்த தாங்கியொன்றின் எச்சமும் அதற்குச் சான்றாக நின்றது. போர் நினைவுக்கு இரும்பு சாட்சி கூறுகிறது. உழைப்பு நினைவுக்குச் சாட்சி கூற வேண்டிய உடம்புகளோ மண்ணுக்குள் போய்விட்டன.

1957 ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்கு அது ஒரு வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தளத்தை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் அத்தோடு வேலையிழந்தனர் என்பதையும் மறக்கலாகாது. இயந்திரங்களுக்குக் கணக்கு இருந்தது. கட்டடங்களுக்குக் கணக்கு இருந்தது. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோன தேய்ந்த மூட்டுகள் எக்கணக்கிலும் ஏறவில்லை.

பின்வந்த காலத்தில் சீனன்குடாவில் மாவாலை வந்தது. அது 1980இல் இயங்கத் தொடங்கியது. சீமெந்து ஆலையும் வந்தது. பாரந்தூக்கிகளும் குழாய்களும் பெருஞ்சுமையை ஏற்றுக்கொண்டன. எனினும் கப்பலிலிருந்து பண்டகசாலைவரை இயந்திரம் கொண்டுவந்த பொருள், பண்டகசாலையிலிருந்து கடைவரை இன்றும் மனிதன் முதுகிலேதான் போகிறது. சந்தையில் மூடை சுமக்கும் நாட்டாமைமாரைப் பாருங்கள். ஓர் அந்தர் எடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பலகை வழியே லொறியில் ஏறும்போது, அவ்வெடையும் அவன் உடம்பின் எடையும் மடங்கிய ஒரு முழங்காலின்மேல் ஒருங்கே இறங்குகின்றன. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். ஈர மணலில் குதிகாலைப் புதைத்து, முழங்காலை மடக்கிப் பின்சாய்ந்து, அடியடியாக அவர்கள் கடலை இழுக்கிறார்கள். வலையின் பங்கைச் சம்மாட்டியும் இழுப்போரும் எவ்வாறு பிரிப்பது என்பதற்கு முறை உண்டு. தேய்வின் பங்கு முழுவதும் இழுப்போருக்கே.

இத்தேய்வை, "வயது போனால் வருவதுதானே" என்று தள்ளிவிடுவோர் உளர். வயதும் உடற்பருமனும் பரம்பரையும் காரணங்களே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொழிலும் காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்விலிருந்து 1991இல் வெளியான ஒரு கட்டுரை, முழங்காலை மடக்கிப் பாரமான வேலை செய்யும் தொழில்களில் இருந்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் மூட்டுத் தேய்வு கூடுதலாக வந்ததை எடுத்துக்காட்டியது.

பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கதை இதனினும் கூர்மையானது. தாழ்ந்த சுரங்கங்களில் முழந்தாளிட்டே வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலத்தடியில் உழைத்த சுரங்கத் தொழிலாளியின் முழங்கால் தேய்வைத் தொழில்நோய் என்று அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது 2009ஆம் ஆண்டில்தான். 1984-85இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் தோற்றுப்போய், சுரங்கங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்ட பின்னர், அத்தொழிலாளர் முதியவரான பின்னர், அந்த ஒப்புதல் வந்தது. ஆயினும் வந்ததே! முழங்காலை அழித்தது விதியன்று, வேலையே என்று ஒரு சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டது. தொழிலாளர் சங்கங்கள் விடாது கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை அது.

இனி ஆராய்ச்சிக் கரைக்கு மீள்வோம். ஹன்ரரின் தீர்ப்பை உடைக்க முதலில் ஓர் அடிப்படை உண்மை தெரியவேண்டியிருந்தது: உடம்பின் கலம் உடம்புக்கு வெளியே வாழுமா? 1907இல் ரோஸ் ஹரிசன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, தவளைக் கருவின் நரம்புத் துண்டை நிணநீர்த் துளியில் வைத்து, அது வெளியிலேயே வளர்வதைக் காட்டினார். கண்ணாடியிலே உயிர் வளர்க்கும் கலை அங்கே பிறந்தது.

சத்திரசிகிச்சையாளரோ வேறு வழியிலே முயன்றனர். இரத்தம் வராததே குறையெனின் இரத்தத்தை வரவழைப்போம் என்று கருதினர். பிரிஸ்டல் நகரத்துப் பிரிடி என்பார், குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பைத் துளையிட்டு, அதன் மச்சையிலிருந்து இரத்தமும் கலங்களும் ஊறிவரச் செய்யும் முறையை 1959இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஸ்ரெட்மன் என்னும் வைத்தியர் 1980களில் இதனையே நுண்துளை முறையாகச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வந்தோருட் பலர் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள். இம்முறையால் குழி நிரம்பியது உண்மையே. நிரப்பியது பெரும்பாலும் தழும்பைப் போன்ற நார்க் குருத்தெலும்பு. அது பழைய படலத்தின் வலிமையுடையதன்று; சில ஆண்டுகளில் மீண்டும் தேய்ந்தது.

இதற்கிடையில், 1965இல், லண்டனில் ஓட்றி சிமித் என்னும் பெண் விஞ்ஞானி, வளர்ந்த விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து கலங்களைத் தனியே பிரித்தெடுத்து உயிரோடு காக்கலாம் என்று காட்டினார். 1968இல் அவரும் செஸ்ரமன் என்பாரும் முயல்களில் அவற்றை நட்டுப் பார்த்தனர். கலம் கிடைத்தது, ஆனால் மற்றொரு தடை எழுந்தது. தட்டையான கண்ணாடியில் பெருகவிட்ட கலங்கள் தம் தொழிலை மறந்தன. குருத்தெலும்புக்குரிய கொலாஜனை விட்டு, தழும்புக்குரியதைச் செய்யத் தொடங்கின. 1982இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பென்யா, ஷாஃபர் என்னும் இருவர் அக்கலங்களை அகரோஸ் களியினுள் பதித்தபோது, அவை மறந்த தொழிலை மீண்டும் நினைவுகூர்ந்தன. மேலும் கீழும் பக்கமும் சூழ்ந்த ஓர் இருப்பிடம் இருந்தாலன்றிக் கலம் தன் பணியைச் செய்யாது என்னும் பாடம் அங்கே கிடைத்தது. கலத்துக்குச் சாரம் கட்டிக்கொடுக்கும் கலையே பின்னர் இழையப் பொறியியல் எனப்பட்டது. அப்பெயரை 1980களின் பிற்பகுதியில் முன்மொழிந்தவருள் முதன்மையானவர் சீனாவிற் பிறந்த ஃபங் என்னும் பொறியியலறிஞர்.

கடைசியில், ஸ்வீடன் நாட்டுக் கொதன்பேர்க் நகரில், லார்ஸ் பீற்றர்சன் என்னும் சத்திரசிகிச்சையாளரும் அவருடன் உழைத்தோரும், நியூயோர்க்கில் முயல்களில் தொடங்கிய ஆய்வை மனிதனுக்குக் கொண்டுவந்தனர். நோயாளியின் முழங்காலில் பாரம் தாங்காத ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுக்கப்பட்டது. அதன் கலங்கள் இரண்டு மூன்று வாரம் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டன. பின்னர் குழியின்மேல் எலும்புறைத் துண்டைத் தைத்து மூடி, அதன்கீழ் அவை செலுத்தப்பட்டன. முதல் சிகிச்சை நடந்தது 1987இல். 1994இல் பிரிட்பேர்க், லின்டால், பீற்றர்சன் முதலியோர் 23 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டனர். தொடையெலும்பு நுனியில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேர் ஈராண்டின் பின் நன்னிலையில் இருந்தனர். முழங்காற் சில்லில் பெற்ற 7 பேரில் இருவர்க்கே அப்பயன் கிட்டியது. முழு வெற்றியென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஹன்ரரின் தீர்ப்பில் முதன்முதலாக ஒரு கீறல் விழுந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின்!

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவளைக்கரு பார்த்தவர், எலும்பைத் துளைத்தவர், முயலில் நட்டவர், களியிற் பதித்தவர், ஸ்வீடன் வைத்தியர் என இச்சாதனை பல நாடுகளில் பலர் கைகோத்துச் செய்தது. பொதுப்பணத்தில் நடந்த பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் இதற்குப் பெரும்பங்கு அளித்தன. அறிவு இவ்வாறு கூட்டாக உற்பத்தியாயிற்று. அதன் பயனோ பண்டமாகிச் சந்தைக்கு வந்தது. 1997இல் அமெரிக்க அரசு, கலங்களை வளர்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. 2016 டிசெம்பரில், பன்றியின் கொலாஜன் சவ்விலே கலங்களைப் பதித்து ஒட்டும் புதிய முறைக்கு அங்கே அனுமதி கிடைத்தது. தென்கொரியாவில் 2012இல், தொப்புள்கொடி இரத்தத்தின் மூலக்கலங்களைப் பயன்படுத்தும் சிகிச்சை அனுமதி பெற்றது. இந்தியாவில், நோயாளியின் கலங்களையே வளர்த்து வைக்கும் சிகிச்சைக்கு மும்பை நிறுவனமொன்று 2017இல் அனுமதி பெற்றது. அமெரிக்கச் சிகிச்சையின் விலை பல்லாயிரம் டொலர்.

விலை மட்டுமே தடையென்று எண்ணற்க. இச்சிகிச்சை எத்தகைய முழங்காலை மனத்தில் வைத்து வளர்ந்தது என்பதே ஆழமான கேள்வி. மூட்டின் மற்றப் பகுதி நன்றாயிருக்க, ஓரிடத்திலே மட்டும் எல்லை தெளிவான குழி விழுந்த முழங்காலுக்கே இது சிறப்பாக உதவுகிறது. அத்தகைய முழங்கால் பெரும்பாலும் இளம் வயதினருடையது. விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்டது. முப்பதாண்டு மூடை சுமந்தவனின் முழங்கால் அப்படிப்பட்டதன்று. அங்கே படலம் பரவலாகக் கரைந்திருக்கும், கீழெலும்பு தடித்திருக்கும், மூட்டுத் திரவமே அழற்சியுற்றிருக்கும். உப்பேறிய வயலிலே நாற்று நட்டாற்போல, நட்ட கலம் அங்கே பிழைப்பது அரிது. தென்கொரியச் சிகிச்சை தேய்வுநோய்க் குழிகளுக்கும் வழிதிறக்க முயன்றது. எனினும் மூட்டு முழுவதும் அழிந்தவருக்கு இன்றுள்ள வழி உலோகமும் பிளாஸ்ரிக்கும் கொண்ட செயற்கை மூட்டேயாகும்.

இளந்தொழிலாளி ஒருவனுக்குத் தகுந்த குழியே விழுந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு புண்ணியவான் பணமும் கட்டிவிட்டார் என்று கொள்வோம். சிகிச்சையின் பின் ஆறு முதல் எட்டு வாரம்வரை அவன் ஊன்றுகோலுடன் நடக்க வேண்டும்; கடும் வேலைக்குத் திரும்ப ஓராண்டளவு ஆகலாம். நாட்கூலி பெறுபவனுக்கு அந்த ஓராண்டை யார் தருவார்? கலத்தை வளர்க்க ஆய்வுகூடம் உண்டு. அக்கலம் வேரூன்றும்வரை அவன் குடும்பத்தை வளர்க்க ஏற்பாடு இல்லை.

இவ்விடத்தில் மற்றோர் ஆராய்ச்சியை நினைவுகூர்வது தகும். 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், களியிற் பதித்த குருத்தெலும்புக் கலங்களை இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தனர். வினாடிக்கு ஒரு தடவையாக மெல்ல அழுத்தினர். எவ்வளவு நேரம்? ஒரு மணிநேரம் அழுத்தம், ஒரு மணிநேரம் ஓய்வு. நாளொன்றுக்கு இவ்வாறு மூன்று முறை. வாரத்துக்கு ஐந்து நாள். நான்கு வாரத்தின் பின், அழுத்தமே காணாத கலங்கள் ஆக்கிய இழையத்தைவிட, இவ்வாறு பழகிய கலங்கள் ஆக்கியது ஏறத்தாழ ஆறு மடங்கு உறுதியுடையதாய் இருந்தது.

இவ்வுண்மையை ஆழ்ந்து சிந்திப்போம். உழைப்பு குருத்தெலும்பின் பகையன்று. உழைப்பே அதன் உணவு. அசையாத மூட்டும் நலிகிறது. பாரம் அழுத்துவதும் பாரம் நீங்குவதும் மாறிமாறி நிகழும்போதுதான் கலம் உண்கிறது, உறுதி பெறுகிறது. அழிப்பது, அளவு கடந்த பாரமும் ஓய்வற்ற பாரமுமே. ஆய்வுகூடத்துக் கலத்துக்கு மணிக்கு மணி ஓய்வு உண்டு. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை உண்டு. அக்கலத்தைத் தன் முழங்காலிற் சுமக்கும் கூலியாளுக்கு அவ்விரண்டும் இல்லை. எட்டு மணி வேலைக்காகவும் வார விடுமுறைக்காகவும் தொழிலாளர் இயக்கம் நடத்திய நெடும்போரின் நியாயத்தை ஓர் ஆய்வுகூடக் களித்துண்டு நிரூபித்துவிட்டது எனலாம்.

எனவே, விஞ்ஞானத்தை வெறுப்பது நமது வழியாகாது. அதனை யார் பக்கம் திருப்புவது என்பதே வினா. நம்மவரிடையே அதற்கு முன்மாதிரிகள் உண்டு.

1840களின் பிற்பகுதியில் மானிப்பாய்க்கு வந்த டொக்டர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 1852இல் கட்டரின் உடலமைப்பு நூலும், 1872இல் கிறேயின் பெருநூலும் அவர் முயற்சியால் தமிழுக்கு வந்தன. எலும்பையும் மூட்டையும் தமிழ் மாணவன் தன் மொழியிலே படிக்கக்கூடும் என்பது யாழ்ப்பாணத்தில் அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் டொக்டர் போல் பிரான்ட், சமூகம் தொடவும் அஞ்சிய குட்டநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். உயர்ந்த சத்திரசிகிச்சை ஏழையின் கையைத் தேடிச் சென்ற வரலாறு அது. அதே கல்லூரியில், இந்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 2005இல் மூலக்கல ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு சேதமுற்றுக் கால் கோணிக் குட்டையாகும் குழந்தைகளுக்கு, அவர்களுடைய குருத்தெலும்புக் கலங்களையே வளர்த்து அவ்விடத்தில் நடும் முயற்சியை டொக்டர் விரிஷா மாதுரி அங்கே முன்னின்று நடத்தினார். விளையாட்டு வீரனின் முழங்காலுக்கென வளர்ந்த கலை, ஒரு குழந்தையின் கோணற்காலுக்குத் திருப்பப்பட்டது. திருப்ப முடியும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

ஜெய்ப்பூரில் 1960களின் பிற்பகுதியில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக் கால், குந்தியிருக்கவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் உதவியது. போரின் நடுவே, 1987இல், அக்கால் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மேனாட்டுக் கதிரையிலிருந்து எழும் மனிதனை நினையாமல், நம் மண்ணில் குந்தும் மனிதனை நினைத்துச் செய்ததால் அது நிலைத்தது.

இலங்கையிலும் ஒரு பெருஞ்செயல் நடந்தது. டொக்டர் ஹட்சன் சில்வா தம் தாய் 1960இல் மறைந்தபோது, அவர் கண்ணின் வெண்படலத்தை ஏழை விவசாயி ஒருவருக்கு அளிக்கச் செய்தார். 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கிய கண்கள் பின்னர் உலகெங்கும் சென்றன. கண்ணின் அப்படலமும் குருத்தெலும்பைப் போலவே இரத்தக் குழாயற்றது. ஓர் இழையம் விலைப்பொருளாகாமல் மக்கள் கொடையாகவே எல்லை கடந்து செல்லும் என்பதை இச்சிறு நாடு உலகுக்குக் காட்டியது. 1951இலிருந்து அரச வைத்தியசாலையில் கட்டணமின்றி வைத்தியம் பெறும் உரிமையை வளர்த்த நாடும் இதுவே. அவ்வுரிமை எத்தனை நெருக்கடிக்குள்ளாயினும், அதன்மேலேதான் நாளைய இழைய வைத்தியமும் கட்டப்பட வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் கல ஆய்வுகூடம், இலவச வைத்தியசாலை, குணமடையும் காலத்துக்குக் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அவ்வைத்தியம் துறைமுகத்தை எட்டாது.

அதுவரை ஏமாறாதிருப்பதும் ஒரு கடமை. மூட்டுவலியைத் தீர்ப்பதாகச் சுறாவின் குருத்தெலும்புத் தூளை விற்போர் உண்டு. சுறாவின் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு என்பது மெய். அதனைத் தின்றால் அது நம் முழங்காலிற் போய் ஒட்டாது. மூலக்கல ஊசி போட்டுத் தேய்ந்த மூட்டைப் புதிதாக்குவதாக விளம்பரம் செய்வோரும் பெருநகரங்களில் உண்டு. நிரூபிக்கப்படாத இத்தகைய சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே விற்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் தேசிய நெறிமுறைகளே ஏற்கவில்லை. காணி அடகு வைத்து ஊசி போடுபவனுக்கு இதனைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? கிறீனின் வழித்தோன்றல்களாகிய ஆசிரியரும் மாணவருமே. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்து உடல்வலி ஆற்றுவோரை நாம் எள்ள வேண்டியதில்லை; அவ்வெந்நீர் எவரிடமும் ஆயிரக்கணக்கிற் பணம் பறிப்பதில்லை.

சுமையைக் குறைப்பதே இன்று கைக்கெட்டும் வைத்தியம். 1967இலேயே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் மனிதன் சுமக்கும் பாரத்துக்கு வரம்பு வேண்டுமென்று ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்னும் மேல்வரம்பைச் சுட்டியது. மூடையைச் சிறிதாக்குவதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை.

இயந்திரம் வந்தால் முழங்கால் பிழைக்கும், கூலி பிழைக்குமா என்னும் கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி. வடக்குக் கிழக்குக் கரைகளிற் சில இடங்களில், உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை கரைவலையை இழுக்கத் தொடங்கியபோது எதிர்ப்பும் எழுந்தது. முப்பது பேர் இழுத்த வலையை ஓரியந்திரம் இழுத்தால், அம்முப்பது பேரின் முழங்கால் தப்புகிறது. அவர்களின் அடுப்பு அணைகிறது. இயந்திரத்தின் ஆதாயம் சம்மாட்டியின் மடிக்கே போகும்வரை இம்முரண்பாடு தீராது. இழுப்போரின் பங்கைக் குறையாமல் வைத்து, அவர்களின் நேரத்தையும் பாரத்தையும் குறைக்கும் கூட்டுறவு முறை ஏற்படின், அதே உருளை அவர்களின் தோழனாகும்.

ஹன்ரரின் தீர்ப்பை விஞ்ஞானம் சிறிது சிறிதாக உடைத்துவருகிறது. இன்னும் ஐம்பதாண்டில் மூட்டு முழுவதையும் வளர்க்கும் கலை வரக்கூடும், வரட்டும். யாருடைய முழங்கால் என்னும் தீர்ப்பை உடைப்பது ஆய்வுகூடத்தின் வேலையன்று. அது மக்களின் வேலை. அதற்கு முதற்படியாக ஒன்றைச் செய்யலாம். திருகோணமலையில் கற்பிக்கும் ஆசிரியரும் பயிலும் மாணவரும், துறைமுகத்திலும் சந்தையிலும் கரையிலும் உழைத்து ஓய்ந்தவரிடம் சென்று, எத்தனை ஆண்டு என்ன பாரம் சுமந்தீர், எந்த வயதில் மாடிப்படி ஏற முடியாமற் போயிற்று என்று கேட்டு எழுதிவைக்கட்டும். பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் சட்டப் புத்தகத்தில் ஏறுமுன் அத்தகைய கணக்குகளிலேதான் ஏறிற்று. கப்பல்களுக்குக் குறிப்பேடு வைத்திருந்த இத்துறைமுகம், தன் மக்களின் முழங்கால்களுக்கும் ஒன்று வைத்திருக்கட்டும்.